தராசுப் பக்கத்து நோட்டும் எங்கள் வெப்சைட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்கிற ஒவ்வொருவரும் இன்றே ஒரு வெப்சைட் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் என்று தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் ஊருக்குப் பேப்பர் காலை பஸ்ஸில் ஏறி வரும். அது வந்து சேரும் நேரம் நான் காபி வறுத்துக்கொண்டிருப்பேன். 'தொடங்குங்கள்' என்ற சொல் அந்தக் கட்டுரையில் ஏழு இடத்தில் இருந்தது. தொடங்கின பிறகு அதற்குள் என்ன வைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. இதை எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு ஈடு கொட்டை கூடுதலாகக் கறுத்துவிட்டது. அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். மூன்றரை ஏக்கர் அராபிக்கா. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றின் மேல் மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை. என் மாமனார் காலத்தில் கார்த்திகையில் பழம் பறிக்க ஆரம்பித்தால் தை வரை பறிப்பார்கள். தோலுரித்துக் களத்தில் காயவைத்து, பட்டிவீரன்பட்டி வியாபாரிக்கு மூட்டையாகப் போட்டுவிடுவார்கள். அதோடு கதை முடிந்தது. யார் குடிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, யார் விளைவித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. 2016-ல் ஐந்து கிலோ வறுக்கிற ஒரு மிஷினும் அரைவை மிஷினும் வாங்கி, வீட்டு முன்கட்டிலேயே தூள் வியாபாரம் தொடங்கினேன். பெரும்பாறை வழியாக வருகிற வண்டிகள் நிறுத்தி வாங்கும். வாங்கினவர்கள் ஊருக்குப் போய் போன் செய்வார்கள். அப்படித்தான் வியாபாரம் வளர்ந்தது.

2019-ல் மகன் சொல்லி, கீழே ஒரு ஊரில் வெப்சைட் செய்து தருகிறவரிடம் போனோம். ஊரையும் ஆளையும் சொல்லப் போவதில்லை. அவர் கெட்டவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 28,000 ரூபாய் பேசினோம். அவர் எங்களிடம் கேட்டது மூன்றே கேள்வி: என்ன கலர் வேண்டும், லோகோ இருக்கிறதா, அட்வான்ஸ் எவ்வளவு தருகிறீர்கள். காபியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் யார் என்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பது போலத்தான் நானும் கொடுத்தேன். தங்கக் கலர் போடுங்கள், பிள்ளையார் மேலே வரட்டும், அவ்வளவுதான்.

பத்து நாளில் வந்தது. திறந்ததும் திரை முழுக்க ஒரு படம்: கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று இலை பறிக்கிறார்கள். தேயிலை! காபி விற்கிற எங்கள் வெப்சைட்டில் தேயிலைத் தோட்டம். போன் போட்டுக் கேட்டேன். "தோட்டம்னா தோட்டம்தானே மேடம், பார்க்கிறவங்களுக்குப் பச்சையாத் தெரிஞ்சா போதும்" என்றார். நீலகிரிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கவே செய்தார்கள். அடுத்த படத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை, நுரையில் இதயம் வரைந்திருந்தது. எங்கள் தூளில் நுரைமேல் இதயம் வராது. டபராவில் ஆற்றினால் நுரை வரும், அது வேறு.

இப்படி ஆறு படங்கள் மாறி மாறி ஓடும். ஒவ்வொன்றும் நாலு எம்.பி.க்குக் குறையாது. பக்கம் மொத்தம் 25 எம்.பி. அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. எங்கள் ஊரில் நொடிக்கு ஒரு மெகாபிட் வந்தாலே அது நல்ல நாள். ஒரு எம்.பி.க்கு எட்டு மெகாபிட். 25 எம்.பி. என்பது 200 மெகாபிட், ஆக மூன்று நிமிடத்துக்கு மேல். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு, போனில் எங்கள் வெப்சைட்டைத் திறந்தேன். கீழ்க்கிண்ணத்தில் கறுப்பாகச் சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது. திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மலைக்கு ஏறி வருகிற வழியில், ஏதோ ஒரு வளைவில் ஒரு புள்ளி சிக்னல் கிடைத்து, 'காபி எங்கே கிடைக்கும்' என்று தேடுகிறவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? வண்டி அடுத்த வளைவுக்குப் போனால் அந்தப் புள்ளியும் போய்விடும்.

இனி அந்த முகவரி. எங்கள் கடைப் பெயரோடு 'எஸ்டேட்', 'ஆர்கானிக்', 'இந்தியா' மூன்றையும் சேர்த்து, நடுவில் இரண்டு கோடு வேறு போட்டு ஒரு பெயர் வாங்கியிருந்தார். மூன்றரை ஏக்கரை எஸ்டேட் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆர்கானிக் சான்றிதழ் எதையும் நாங்கள் வாங்கியதில்லை. அது கிடக்கட்டும். கரூரிலிருந்து ஒரு பெரியவர் முகவரி கேட்டு போன் செய்தார்.

"நடுவுல ஒரு கோடு போடுங்க அண்ணே."

"கீழ்க்கோடா, நடுக்கோடாம்மா?"

"நடுக்கோடு. எஸ்டேட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"வரலையே. எஸ்டேட்டுக்கு 'இ'யா 'எஸ்'ஸா முதல்ல?"

"'இ' அண்ணே."

"விடும்மா. நீ அரைக் கிலோ அனுப்பு, நான் மணியார்டர் பண்றேன்."

போனில் ஒரு மூச்சில் சொல்ல முடியாத முகவரியை வாங்காதீர்கள் என்று இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொன்னாலும் எதிரே இருப்பவர் தப்பில்லாமல் எழுத வேண்டும்.

தமிழில் ஒரு பக்கமாவது வேண்டும் என்று கேட்டேன். போட்டுக் கொடுத்தார். அவருடைய கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது, என் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த குப்பையாகத் தெரிந்தது. டி.டி.பி. கடையில் பத்திரிகை அடிக்கிற பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். யூனிகோடில் தட்டினால் எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. சரிசெய்யச் சொன்னதற்கு, அந்தத் தமிழை அப்படியே படமாக எடுத்து ஒட்டிவிட்டார். படத்தில் இருக்கிற எழுத்தைத் தேடுபொறி சரியாகப் பிடிப்பதில்லை. 'தாண்டிக்குடி காபி' என்று தமிழில் தேடினால் எங்கள் கடையைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர், பார்வை மிகவும் குறைந்தவர். போன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியை வைத்துத்தான் எல்லாம் செய்வார். "உங்க பக்கத்துக்கு வந்தா போன் 'படம், படம்'னு மட்டும் சொல்லுதும்மா" என்றார். அது வரை அப்படி ஒருவர் எங்கள் வெப்சைட்டைத் திறப்பார் என்றே நான் நினைத்ததில்லை.

மேப்பில் வைத்த புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடையைக் கொண்டுபோய்க் கொடைக்கானல் ஊருக்குள் குத்தியிருந்தார். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வர வேண்டும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வரவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு படிவம் வைத்திருந்தார். பெயர், போன் நம்பர், செய்தி எழுதி அனுப்பலாம். அனுப்பினால் 'நன்றி, விரைவில் அழைக்கிறோம்' என்று வரும். நானே ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன், நன்றி வந்தது. அந்தச் செய்திகள் எங்கே போகின்றன என்று நான் கேட்கவே இல்லை. அவர் தானாக உருவாக்கிய ஒரு மெயிலுக்குப் போயிருக்கின்றன. அதன் கடவுச்சொல் அவரிடம் இருந்தது, அவரும் திறந்து பார்க்கவில்லை. 2021-ல் வேறு வேலையாகப் பேசும்போது இது தெரிந்து, கேட்டு வாங்கித் திறந்தேன். 31 கடிதங்கள். பெரும்பாலும் 2020 ஊரடங்கு மாதங்களில் வந்தவை. பஸ் இல்லாமல், வண்டி இல்லாமல், வறுத்த கொட்டையை டின்னில் போட்டு மூடிவிட்டு, யார் வாங்குவார்கள் என்று நாங்கள் உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. 'வீட்டுக்கு அனுப்புவீர்களா?' என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறார்கள், கோவையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஒரே அம்மா மூன்று தடவை எழுதியிருக்கிறார். முதல் தடவை 'வணக்கம் சகோதரி', இரண்டாவது தடவை 'வணக்கம்', மூன்றாவதில் வணக்கம் இல்லை. வத்தலக்குண்டில் ஒரு தை மாதக் கல்யாணத்துக்கு ஐந்து கிலோ கேட்டு ஒருவர் தேதியோடு எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும்.

எழுதின எல்லோருக்கும் போன் செய்தேன். எட்டுப் பேர் பேசினார்கள். இரண்டு பேர் வாங்கினார்கள்.

அடுத்த வருடம் முகவரியும் போனது. அதை அவர் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் அவருக்கே போயிருக்கிறது. அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். தேதி முடிந்தால் கொஞ்ச காலம் கெடு தருவார்கள், பிறகு கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். யாரோ வாங்கிவிட்டார்கள். எங்கள் முகவரியைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. எங்களிடமோ அந்த முகவரி அச்சடித்த பைகள் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். நானும் என் கணவரும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பையிலும் முகவரிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். மூன்று ராத்திரி ஆனது.

அதற்குப் பிறகு வெப்சைட்டே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன் விடவில்லை. கொட்டையை வறுக்கிறபோது ஒரு நிமிடம் கவனம் தப்பினால் ஈடே போய்விடும். சரியாக அந்த நேரத்தில்தான் மணி அடிக்கும், எடுத்தால் அதே கேள்வி. எரிச்சலில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, சணல் கட்டி, தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். யார் என்ன கேட்டாலும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவது, மறுபடி வந்தால் அதன் எதிரே ஒரு கோடு போடுவது. பொங்கல் கழித்து ஆரம்பித்துச் சித்திரை வரை எழுதினேன். நானூறு போனுக்கு மேல் இருக்கும். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஐந்தே கேள்வி.

சிக்கரி எவ்வளவு? ஃபில்டருக்கு எந்த அரைவை? எப்போது வறுத்தது? கால் கிலோ அனுப்புவீர்களா, அனுப்பக் கூலி எவ்வளவு? ஏன் இவ்வளவு விலை?

28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வெப்சைட்டில் இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட பதில் இல்லை. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' இருந்தது. 'பாரம்பரியமும் நவீனமும் இணையும் இடம்' இருந்தது. சிக்கரி எவ்வளவு என்பது இல்லை.

பண்ணைக்காட்டில் பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், தூள் வாங்க வந்தவள், நோட்டை எடுத்துப் புரட்டினாள். "அக்கா, வெப்சைட்டுக்கு வேண்டியதெல்லாம் இதுலயே இருக்கே" என்றாள். மூன்று சாயங்காலம் லேப்டாப்போடு வந்து மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தாள். என்ன கலர் என்று கேட்கவில்லை. "யாருக்கா ஜாஸ்தி போன் பண்றாங்க? ஆம்பளைங்களா, பொம்பளைங்களா? வயசானவங்களா? கம்ப்யூட்டர்ல பார்ப்பாங்களா, போன்லயா?" என்று கேட்டாள். எல்லாம் போனில்தான். அதனால் போனில் எப்படித் தெரியும் என்பதிலிருந்தே ஆரம்பித்தாள்.

ஒரே நீளப் பக்கம். மேலே கடைப் பெயர், தாண்டிக்குடி மலைக் காபித்தூள், இன்றைய விலை. விலையைப் போடாதீர்கள், 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால்தான் ஆள் போன் செய்வார் என்பது பழையவர் சொன்ன தந்திரம். செய்வார்தான், விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார், என் ஈடு கருகும். கொட்டை விலை இந்த வருடங்களில் ஏறின ஏற்றத்தில் பழைய விலை அப்படியே கிடந்து சண்டை வந்ததும் உண்டு. அதனால் விலைக்குக் கீழே, எந்தத் தேதி முதல் அந்த விலை என்பதையும் போடுகிறோம். தேதி பழசாகத் தெரிந்தால் வாங்குகிறவர் கேட்டுக்கொள்வார்.

'ஏன் இவ்வளவு விலை' என்பதற்கு நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க ஒரே செடிக்கு மூன்று நாலு தடவை போக வேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். அது ஏறின பிறகு பேரம் பேசுகிற போன் பாதியாகக் குறைந்தது. மாறாக, "ஆறு கிலோவாம்மா?" என்று ஆச்சரியப்படவே சிலர் கூப்பிடுகிறார்கள்.

சிக்கரி விஷயம் சட்டத்திலேயே இருக்கிறது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்தது என்று பாக்கெட்டில் போட வேண்டும். பாக்கெட்டில் போடுகிறதை வெப்சைட்டில் போட என்ன தயக்கம்? எங்களிடம் சிக்கரி இல்லாதது, 20 சதவீதம், 30 சதவீதம் என மூன்று வகை. மூன்றையும் பெயர் வைத்து மயக்காமல் அந்த எண்ணாலேயே எழுதினோம். 'ராயல்', 'கோல்டு' என்று போட்டிருந்தபோது எது என்ன என்று எனக்கே குழப்பம் வரும்.

படங்களை நானே எடுத்தேன். களத்தில் தோல் காபி (உள்தோல் போகாத கொட்டை) காய்வது, வறுக்கிற மிஷின், தூள் பாக்கெட், வீட்டு முன்கட்டு. போனில் எடுக்கிற படம் நாலாயிரம் புள்ளி அகலம் இருக்குமாம், பார்க்கிற போன் திரை ஆயிரத்துச் சொச்சம்தான். மிச்சமெல்லாம் வெறும் சுமை. ஒவ்வொன்றையும் 100 கே.பி.க்குச் சுருக்கினாள். முன்னும் பின்னும் காட்டினாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது சொட்டு விழுவதற்கு முன்னால் பக்கம் திறந்துவிடுகிறது.

போன் நம்பரை எழுத்தாகவே வைத்தாள், தொட்டால் அழைப்பு போகிற மாதிரி. பழையதில் அதுவும் படத்துக்குள் இருந்தது, பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்த வேண்டும். பணம் கட்டுகிற க்யூஆர் படத்தை நான் பெரிதாகப் போடச் சொன்னேன். "அக்கா, அந்தப் படமே அவங்க போன்லதான் இருக்கு. அதை எந்தப் போன வெச்சு ஸ்கேன் பண்ணுவாங்க?" என்றாள். கடை மேஜைமேல் ஒட்டுவதை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் இப்படித்தான். படத்தை எடுத்துவிட்டு, தொட்டால் பணம் அனுப்பும் செயலி திறக்கிற இணைப்பை வைத்தாள். பழைய வெப்சைட் இருந்தபோது தேடலில் எங்கள் பெயருக்குப் பதிலாக வெறுமனே 'ஹோம்' என்று வந்ததற்குக் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக்குத் தலைப்பு என்று தனியாக ஓர் இடம் உண்டு, பழையவர் அதைத் தொடவே இல்லை. தாண்டிக்குடியை ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டு, இரண்டு 'கே' போட்டு, 'ஹெச்' போட்டு, போடாமல் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். வழி சொல்கிற பத்தியில் அவை எல்லாவற்றையும் ஒரு தடவை எழுதிவிட்டோம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அவள் என் மாமியாரைக் கூப்பிட்டாள். அத்தைக்கு வயது 71. தமிழ் படிப்பார், பேரன் வாங்கிக் கொடுத்த போனில் பேசுவார். "பாட்டி, நீங்க மதுரையில இருக்கீங்கன்னு வெச்சுக்கங்க. இதுல கால் கிலோ தூள் வாங்கிக் காட்டுங்க" என்று போனைக் கையில் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்றாள்.

அந்த ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய தண்டனை. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல இறக்கிக்கொண்டே போனார். களத்துப் படத்தைப் பார்த்து, "இது நம்ம களமில்ல?" என்றார். பாக்கெட் படம் வந்ததும் அதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கீழேயே பச்சைப் பட்டையில் 'ஆர்டர் செய்ய' என்று இருக்கிறது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தை நாலாவது தடவையும் பாக்கெட்டையே அழுத்திவிட்டு, "கடை பூட்டியிருக்கு போல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மாற்றம் செய்தாள். பாக்கெட் படத்தை அழுத்தினாலே வாங்குகிற இடத்துக்குப் போகும்படி செய்தாள். 'ஆர்டர் செய்ய' என்பதை 'தூள் வாங்க' என்று மாற்றி, கட்டை விரல் எட்டுகிற இடத்தில், திரையின் அடியில் நிலையாக வைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். ஒரே நிமிடத்தில் கால் கிலோ வாங்கிவிட்டார். உண்மையிலேயே வாங்கினார், 'சும்மா பார்த்தேன்' என்று சொல்லிக் காசு கொடுக்க மறுத்தது தனிக் கதை.

சட்டப்படி வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால். உணவுப் பொருள் விற்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் கேட்கும் ஆளின் பெயர். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் கடையில் புகார் கேட்கும் ஆள் என் கணவர். அவருக்குக் கோபம் வராது.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகு, அது வேண்டுமா என்ற கேள்வியும் நோட்டில் ஏறிவிட்டது. அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. விதி மாறினால் என் பதில் பழசாகிவிடும், யாரோ ஒருவர் என்னை நம்பி வந்து வழியில் நிற்பார். அரசு பதிவுப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்ததோடு சரி.

இன்ஸ்டாகிராம் இருக்கிறதே, எதற்கு வெப்சைட் என்பான் என் தங்கை மகன். காபிப் பூ பூத்திருக்கிற நாலு நாள் படம் போட்டால் ஊரே பார்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் போட்டது இந்த மாதம் யாருக்கும் அகப்படாது. 'சிக்கரி எவ்வளவு' என்று அதன் கீழேயும் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்டுகிறேன்.

இரண்டாவது வெப்சைட்டுக்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது 9,000 ரூபாய். அவள் ஐயாயிரம்தான் கேட்டாள். முகவரிப் பெயருக்கும், வெப்சைட்டை வைத்திருக்கிற சர்வர் இடத்துக்குமாக வருடத்துக்கு மூவாயிரத்துக்குள் ஆகிறது. முகவரி என் பெயரில், என் மெயிலில், என் போன் நம்பரில் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொற்களை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தராசுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்கிற இடத்தில்! அவள் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கிழித்துக் கொடுத்தாள். இப்போது அந்தத் தாள் பீரோவில் பட்டாவோடு இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை 'வெப்சைட் தொடங்குங்கள்' என்று எழுதும்போது, பணம் கொடுப்பதற்கு முன் செய்து தருகிறவரிடம் கேட்க வேண்டியதையும் சேர்த்துப் போடுங்கள். வெப்சைட் முகவரி யார் பெயரில் பதிவாகும்? படிவத்தில் எழுதினால் யாருக்குப் போகும்? தமிழ் யூனிகோடில் இருக்குமா? மலையில், ஒரு புள்ளி சிக்னலில் எவ்வளவு நேரத்தில் திறக்கும்? விலையை நானே மாற்றிக்கொள்ள முடியுமா, ஒவ்வொரு தடவையும் உங்களைக் கெஞ்ச வேண்டுமா? இவ்வளவு கேட்டிருந்தால் எனக்கு 31 கடிதம் தவறியிருக்காது. மாவட்டத்தில் சிறுதொழில் பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே லேப்டாப்பைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, ஒரு மாதம் கடையில் போன் எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தங்கள் பத்திரிகையில் வெப்சைட் முகவரி அச்சிடும்போது வரி முடிகிற இடத்தில் கோடு போட்டு உடைக்கிறீர்கள். அந்தக் கோட்டையும் சேர்த்துத் தட்டிவிட்டு, 'வரலையே' என்று உட்கார்ந்திருக்கிறார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

இப்படிக்கு,
காபி வறுத்துத் தூளாக்கி விற்கும் வாசகி,
தாண்டிக்குடி வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

பி.கு.: கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டத்தான் செய்வீர்கள். சீட்டாட்டத்தை வெட்டுங்கள், திருச்சிக் குடும்பத்தை வெட்டுங்கள். அத்தை வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பேப்பருக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன், தினமும் காலை பஸ் வந்ததும் கண்ணாடியைத் தேடப் போகிறார்.